மூன்று ‘லெவல் 5’: 4 இலட்சத்து 80 ஆயிரம் கட்ட முதல் பார்க்க வேண்டியவை

கேள்வி: எனது ஊர் சம்பூர். கட்டாரில் வேலை செய்கிறேன். தங்கச்சிக்கு 20 வயது. பொறியியல் தொழில்நுட்பப் பிரிவில் இரண்டு முறை உயர்தரம் எழுதினாள். இரண்டாம் முறை ஒரு சி, இரண்டு எஸ். கெம்பஸ் கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். திருகோணமலை டவுனில் ஒரு தனியார் நிறுவனம் ‘லெவல் 5 பிரிட்டிஷ் டிப்ளோமா, சொஃப்ட்வெயார், ஒன்றரை வருடம், 4 இலட்சத்து 80 ஆயிரம், மாதம் முடிய முதல் கட்டினால் 50 ஆயிரம் கழிவு’ என்கிறது. அவளுக்கோ கரண்ட் வேலை படிக்கத்தான் விருப்பம். பொம்பிளைப் பிள்ளைக்கு அது சரிவராது என்கிறா அம்மா. காசு நான் அனுப்புவேன். எதில் சேர்ப்பது?
– வாசகர், கட்டார்

பதில்: தம்பி, இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம். 50 ஆயிரம் கழிவு அடுத்த இன்டேக்குக்கும் வரும்.

முதலில் அந்த ‘லெவல் 5’ என்ன என்று பாருங்கள். எங்கள் நாட்டில் இப்போது மூன்று தகைமை ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, மூன்றிலும் 5 என்ற படி உண்டு. தேசிய தொழிற்தகைமையில், அதாவது என்.வி.கியூவில், 5 என்றால் டிப்ளோமா. 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 5 என்றால் பொதுப் பட்டம். பிரிட்டிஷ் முறையில் 5 என்பது பட்டத்துக்கு ஒரு படி கீழே. என்.வி.கியூ 5-ஐ இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் வைத்தால் அது 3-ஆம் படியில்தான் இருக்கும். விளம்பரப் பலகையில் வெறுமனே ‘லெவல் 5’ என்று போட்டால் கேட்கிறவர் தனக்குப் பிடித்த ஏணியை நினைத்துக்கொள்வார். எந்த ஏணி, சான்றிதழில் யார் கையெழுத்து, அதை வைத்து அடுத்து எங்கே சேரலாம் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் வரும் பதில் கணக்கில் இல்லை.

அடுத்தது பதிவு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவு செய்வது ஒன்று. அதன் பாடநெறி தரச்சான்று பெறுவது வேறொன்று. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் நிறுவனப் பதிவுதான். அதைக் காட்டி “நாங்கள் அரசாங்கப் பதிவு” என்பார்கள், பொய்யும் இல்லை. ஆனால் தரச்சான்று இல்லாத பாடநெறியில் படித்தால் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்தான், என்.வி.கியூ அல்ல. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தேடலாம். பதிவு எப்போது முடிகிறது என்பதையும் முகவரியையும் பாருங்கள்: கொழும்புத் தலைமையகத்தின் முகவரியா, தங்கச்சி போய் உட்காரப் போகும் கட்டடத்தின் முகவரியா? பிரிட்டிஷ் டிப்ளோமா என்றால் அதை வழங்கும் சபையின் பெயரையும் தகைமை இலக்கத்தையும் வாங்கி, இங்கிலாந்தில் தகைமைகளைக் கண்காணிக்கும் ஒஃப்குவல் அமைப்பின் பதிவேட்டில் தட்டிப் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் அந்த நிறுவனத்தோடு மேலே பேசத் தேவையில்லை.

4 இலட்சத்து 80 ஆயிரத்தோடு செலவு முடியுமா என்பதும் கேள்விதான். வெளிநாட்டுச் சபையின் பதிவுக் கட்டணத்தைப் பவுணில் தனியாகக் கேட்பார்கள். ரூபாய் சரிந்தால் அது ஏறும். டிப்ளோமாவைப் பட்டமாக்கும் ‘டொப் அப்’ வருடத்துக்கு வேறு கட்டணம். இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

கெம்பஸ் விஷயத்தில் ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று பாடமும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் (உயர்தரத்தோடு எழுதும் கொமன் ஜெனரல் டெஸ்ட்) 30 புள்ளி இருந்தால் அவள் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16-இல் ஒன்று. கெம்பஸ் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி குறைவு என்று படிவமே போடாமல் விடுகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. போடுகிறவர்களும் பேர்போன நாலைந்து பாடநெறியோடு நிறுத்திவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் தொழில்நுட்பப் பிரிவுக்குரிய எல்லாப் பாடநெறியையும் விருப்ப வரிசையில் போடச் சொல்லுங்கள். கிடைத்தால் கிடைக்கட்டும், அதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் இரண்டு அரச வழிகள் திருகோணமலையிலேயே உண்டு. ஒன்று ஸ்லியேட் என்ற அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், ஏ.ரி.ஐ. பெரும்பாலான பாடநெறிக்கு உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி கேட்பார்கள். முழுநேரம் படித்தால் கட்டணம் இல்லை. எல்லா உயர் தேசிய டிப்ளோமாவும் எல்லா ஊரிலும் நடப்பதில்லை, ஆகவே அறிவித்தலில் திருகோணமலைக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே இடறுவது ஆங்கிலம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், தமிழில் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே திணறுவார்கள். சேர்வதற்கு முந்திய மூன்று மாதம் ஆங்கிலத்துக்கு என்று ஒதுக்குவது நல்லது. நீங்கள் செலவழிக்க நினைக்கும் காசில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போகட்டும்.

மற்றது டெக்னிக்கல் கொலேஜ். மின்வேலை அவளுக்கு விருப்பம் என்றால் எங்கள் வாக்கு இதற்குத்தான். என்.வி.கியூ 4 முடித்து, 5, 6 என்று ஏறி, இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் பட்டம் வரைக்கும் போக வழி உண்டு. விடுதியில் நின்று படிக்கலாம் என்றால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெக்னிக்கல் கொலேஜில் பிள்ளைகள் கோட்டை விடுவது வகுப்பறையில் இல்லை, தொழிலகப் பயிற்சியில். வகுப்பு முடிந்தவுடன் கல்லூரிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பயிற்சியும் இறுதி மதிப்பீடும் முடிந்தால்தான் என்.வி.கியூ. பயிற்சிக்கு அனுப்பும் இடத்தில் பெண் பிள்ளை என்றால் ஸ்டோரில் வயர் ரோல் எண்ணவோ பில் எழுதவோ உட்கார வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் வந்து கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. போர்டு ஒன்றை முன்னால் வைத்து, எம்.சி.பி என்ற பாதுகாப்பு சுவிட்சும் ட்ரிப் சுவிட்சும் பொருத்தச் சொல்வார், மெகர் என்ற கருவியால் வயரின் இன்சுலேஷன் பார்க்கச் சொல்வார். கை பழகாதவர் அங்கே நின்றுவிடுவார். தினக்குறிப்பேட்டில் அன்றன்று செய்த வேலையை, ‘வயரிங் உதவி’ என்று மொட்டையாக எழுதாமல், ‘மூன்று அறைக்குக் கொண்டியூட் குழாய் இழுத்தேன், எர்த் அளந்தேன்’ என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் வாரா வாரம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி மாதத்தில் மொத்தமாக வாங்கப் போனால் அந்த மேற்பார்வையாளர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். ஸ்டோரில் வைத்தால் இரண்டாம் வாரமே கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் சொல்லி இடம் மாற்றக் கேட்கலாம்.

அம்மாவின் பயம் ஏணியில் ஏறுவதைப் பற்றியது என்றால், மின்துறையில் பெனல் போர்டு கட்டுவது, மோட்டர் கட்டுப்பாடு, சோலர் வடிவமைப்பு என்று நிலத்தில் நின்று செய்யும் வேலையே நிறைய. அவவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் வேலைத்தளத்தைக் காட்டச் சொல்லுங்கள். சம்பூரில் 120 மெகாவொட் சோலர் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்ததால் ‘அங்கேயே வேலை’ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கும். அதை மட்டும் நம்பிப் பாடநெறி எடுக்க வேண்டாம். சோலர் பண்ணை கட்டும்போது ஆள் நிறைய வேண்டும். கட்டி முடிந்தபின் பராமரிப்புக்குக் கொஞ்சப் பேர் போதும்.

கெம்பஸுக்காக மூன்றாம் முறை உயர்தரம் எழுதுவதென்றால் அதுதான் கடைசி வாய்ப்பு. எழுதலாம், ஆனால் அதற்காக ஒரு வருடம் வீட்டில் சும்மா இருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

போக்குவரத்தையும் இப்போதே யோசியுங்கள். மூதூர், கிண்ணியா சுற்றி டவுனுக்குத் தினமும் வந்துபோவது களைப்பு. மாணவர் சீசன் டிக்கெட் இ.போ.ச. பஸ்ஸில் மட்டும் செல்லும், தனியார் பஸ்ஸில் செல்லாது. வகுப்பு முடியும் நேரத்துக்கு இ.போ.ச. பஸ் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இல்லையென்றால் டவுனில் அறை வாடகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமை தங்கச்சி செய்ய வேண்டியது: மூதூர் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து அடுத்த இன்டேக் திகதிகளைக் கேட்பது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றிலும் உறுதிப்படுத்திய பிரதி மூன்று செட் எடுத்து வைப்பது. கிராம சேவகர் சான்றிதழை மட்டும் விண்ணப்பம் கோரும் நேரத்தில் புதிதாக எடுக்கட்டும். பழையதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.