99.4 சதவீத ஸ்லைடை முதலில் எடுத்துவிடுங்கள்

கேள்வி: திருச்சிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் சைபர் செக்யூரிட்டி இறுதியாண்டு படிக்கிறேன். என்எஸ்எல்-கேடிடி என்ற நெட்வொர்க் பதிவுகளின் டேட்டாசெட்டில் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மெஷின் லேர்னிங் முறையை ஓட்டி, நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்திருக்கிறோம். அக்யூரசி 99.4 சதவீதம். அடுத்த மாதம் பத்து நிமிட ஆய்வு விளக்கம். வெளித் தேர்வாளரோடு நிறுவனங்களிலிருந்தும் இருவர் வருகிறார்கள். எப்படித் தயாராவது? இதை வைத்து வேலை கிடைக்குமா, சிஇஎச் என்ற எத்திகல் ஹேக்கிங் சான்றிதழும் முடிக்க வேண்டுமா?

பதில்: அந்த 99.4-ஐப் பார்த்துத் துறை ஆட்கள் அசரமாட்டார்கள். ‘எங்கேயோ கசிந்திருக்கிறது’, அதாவது சோதனைக்கான டேட்டா பயிற்சிக்குள் நுழைந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது இது: 1,25,973 பதிவுகள் கொண்ட டிரெயினிங் கோப்பையே கலைத்துப் போட்டு 80:20 என்று பிரித்திருப்பீர்கள். இரண்டு பகுதியும் ஒரே பானைச் சோறு. அந்த டேட்டாசெட்டோடு 22,544 பதிவுகள் கொண்ட தனி டெஸ்ட் கோப்பும் வருகிறது. டிரெயினிங்கில் இல்லாத 17 வகைத் தாக்குதல்கள் அதில் உண்டு. உங்கள் மாடலை மாற்றாமல் அதன்மேல் ஓட்டுங்கள். ஏறக்குறைய 75 முதல் 80-க்குள் இறங்கிவிடும். பதற வேண்டாம். அந்த இறக்கம்தான் உங்கள் ஆய்வின் கண்டுபிடிப்பு. எந்தெந்த வகையைத் தவறவிட்டது, ஏன் என்று பிரித்துச் சொல்லுங்கள். பேச்சின் நடுப்பகுதி முழுவதும் அதுவாகவே இருக்கட்டும்.

அக்யூரசி எதை மறைக்கிறது என்பதற்கு அதே கோப்பில் ஓர் உதாரணம் இருக்கிறது. சாதாரணப் பயனர் ரூட் (கணினியின் முழு) அதிகாரத்தைக் கைப்பற்றும் யு2ஆர் வகையில் டிரெயினிங் கோப்பிலேயே 52 பதிவுகள்தான். அத்தனையையும் கோட்டைவிட்டாலும் மொத்த அக்யூரசியில் குறைவது 0.04 சதவீதம். ஆனால் நிஜத்தில் நிறுவனத்தைச் சாய்ப்பது அந்த வகைதான். ஆகவே ஒரே எண்ணுக்குப் பதில் வகைவாரியாக ரீகால் (உண்மைத் தாக்குதல்களில் எத்தனையைப் பிடித்தது), பிரிசிஷன் (பிடித்தவற்றில் எத்தனை உண்மை), தவறான எச்சரிக்கை விகிதம் மூன்றையும் ஓர் அட்டவணையாகப் போடுங்கள். ஸ்கேலிங் (எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது), ஸ்மோட் (குறைவாக உள்ள வகைக்குச் செயற்கைப் பதிவுகளை உருவாக்குவது), அம்சத் தேர்வு (பதிவின் எந்தெந்த விவரங்களைப் பயன்படுத்துவது என்று தேர்வது) மூன்றும் டேட்டாவைப் பிரித்த பிறகு டிரெயினிங் பகுதியில் மட்டும் நடந்தனவா என்றும் கோடைத் திறந்து பாருங்கள். பிரிப்பதற்கு முன் ஸ்மோட் போட்டிருந்தால், டெஸ்ட் பகுதியில் இருப்பவற்றிலிருந்து உருவான செயற்கைப் பதிவுகள் டிரெயினிங்கிற்குள் போய்விடும். மாணவர் புராஜெக்ட்களில் அடிக்கடி வரும் கசிவு இது.

நிறுவனத்திலிருந்து வருபவர் கேட்கப்போவது வேறு: ‘இதை எங்கள் நெட்வொர்க்கில் வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை அலர்ட் வரும்?’ கணக்கை முன்கூட்டியே போட்டு வையுங்கள். நாளுக்கு 10 லட்சம் இணைப்புகள், அவற்றில் 100 தாக்குதல்கள் என்று கொள்வோம். 99 சதவீதம் பிடித்தால் 99 சிக்கும். தவறான எச்சரிக்கை வெறும் 1 சதவீதம் என்றாலும் 9,999 பொய் அலர்ட்கள். மொத்தம் 10,098-ல் உண்மை 99. அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. ஓர் அலர்ட்டைப் பார்க்க ஐந்து நிமிடம் என்றால் 840 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். எட்டு மணி ஷிஃப்டில் நூறு பேருக்கு மேல் உட்கார வேண்டும். என்எஸ்எல்-கேடிடி டிரெயினிங் கோப்பில் ஏறக்குறைய பாதி தாக்குதல் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே தெரியாது. இந்த ஒரு ஸ்லைடைப் போட்டாலே அறையில் கவனம் மாறும்.

டேட்டாவின் வயதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். 1998-ல் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் அமெரிக்க விமானப்படை நெட்வொர்க்கைப் போலச் செய்து எடுத்த பதிவுகள். 1999 கேடிடி கப் போட்டிக்குப் போனவை. மலிந்து கிடந்த இரட்டைப் பதிவுகளை நீக்கி 2009-ல் வந்ததுதான் என்எஸ்எல்-கேடிடி. கிளவுடும், எங்கும் நிறைந்த என்கிரிப்ஷனும் இல்லாத காலத்து டிராஃபிக். ‘லைவ் டிராஃபிக்கில் ஓடுமா?’ என்று கேட்டால் ‘ஓடும்’ என்று மழுப்பாதீர்கள். 41 அம்சங்களில் தோல்வியுற்ற லாகின் எண்ணிக்கை போன்றவை பாக்கெட்டின் உள்ளடக்கத்தைப் படித்தால்தான் கிடைக்கும். என்கிரிப்ட் ஆன இணைப்பில் அவற்றை எடுக்க வழியில்லை. இந்தப் பதிலைச் சொல்பவர் டேட்டாசெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று புரிந்துவிடும். நேரம் இருந்தால் சிஐசி-ஐடிஎஸ்2017 என்ற பிந்தைய டேட்டாசெட்டையும் எடுத்து, திங்கள் முதல் புதன் வரை பயிற்சி, வெள்ளி சோதனை என்று நாள்வாரியாகப் பிரித்து ஓட்டுங்கள். அம்சங்கள் வேறு என்பதால் மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டும். ஐபி முகவரி, நேரம், டெஸ்டினேஷன் போர்ட் மூன்றையும் நீக்கிவிடுங்கள். இல்லையேல் மாடல் தாக்குதலைக் கற்காமல் முகவரியை மனப்பாடம் செய்துவிடும்.

பத்து நிமிடத்துக்கு எட்டு ஸ்லைடு போதும். யாருக்கு, எந்தத் தாக்குதலிடமிருந்து பாதுகாப்பு என்பதற்கு ஒரு நிமிடம். டேட்டாவும் பிரித்த முறையும் இரண்டு. முடிவும் தவறுகளும் நான்கு. அலர்ட் கணக்கு ஒன்று. டெமோ ஒன்று. மீதி மூச்சு வாங்க. ‘சைபர் குற்றங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன’ என்று தொடங்கும் ஸ்லைடும், ரேண்டம் ஃபாரஸ்டின் பொதுப் படமும் வேண்டாம். அறையில் எல்லோருக்கும் தெரியும்.

டெமோவை 60 நொடி வீடியோவாகப் பதிந்து லேப்டாப்பிலும் பென் டிரைவிலும் வையுங்கள். மேடையில் கவிழ்ப்பவை இரண்டே: கல்லூரி வைஃபை, வேறு பதிப்பு சைக்கிட்-லேர்ன் (பைத்தானின் மெஷின் லேர்னிங் நூலகம்) இருக்கும் கணினியில் திறக்க மறுக்கும் பிக்கிள் கோப்பு (மாடலைச் சேமித்த கோப்பு). ஒரு பேச்சுக்குக்கூடக் கல்லூரி நெட்வொர்க்கை ஸ்கேன் செய்து காட்டாதீர்கள். எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளுக்குள் வரலாம். 66-ல் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தத் தளத்திலாவது ஓட்டை கண்ணில் பட்டிருந்தால் அது செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குப் போக வேண்டிய தகவல், ஸ்லைடுக்கு அல்ல.

வேலை விஷயம். இந்தப் புராஜெக்டுக்கு மிக அருகில் இருப்பது எஸ்ஓசி அனலிஸ்ட் எல்1, அதாவது பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் முதல் நிலை வேலை. ஷிஃப்ட் வேலை, இரவும் உண்டு. வரும் அலர்ட்டைப் பார்த்து மெய்யா பொய்யா என்று பிரித்து, டிக்கெட் எழுதி மேலே அனுப்புவது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, அதில் பட்டியலிட்ட சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்களை (கணினிகளின் நிகழ்வுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். எழுத்து நன்றாக வருமானால் தணிக்கை, இணக்கம் பார்க்கும் ஜிஆர்சி பக்கமும் பாருங்கள். மாணவர்கள் அதை ஏனோ இளக்காரமாகப் பார்க்கிறார்கள்.

எல்1 நேர்காணலில் மெஷின் லேர்னிங் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். ‘4625 என்றால் என்ன?’ என்று கேட்பார்கள். விண்டோஸ் லாக்கில் அது லாகின் தோல்வியைக் குறிக்கும் எண், 4624 வெற்றி, 1102 என்றால் செக்யூரிட்டி லாக்கை யாரோ அழித்திருக்கிறார்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பாருங்கள். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் வாசு (லாக்களைத் திரட்டி அலர்ட் தரும் மென்பொருள்) சர்வருக்கு 8 ஜிபி, நான்கு கோர், 50 ஜிபி டிஸ்க் ஒதுக்குங்கள். ஒரு விண்டோஸ் விஎம்மில் (லேப்டாப்புக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) வாசு ஏஜென்ட்டும், நிகழ்வுகளை விரிவாகப் பதியும் சிஸ்மானும். தாக்குதல் கருவிகள் கொண்ட லினக்ஸான காளிக்கு ஒரு விஎம். மூன்றும் வெளியே போகாத ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் இருக்கட்டும். காளியிலிருந்து உங்கள் விண்டோஸ் விஎம்மின் ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தவறான கடவுச்சொற்களை அடுக்குங்கள். 4625 பதிவில் லாகின் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப்) வரும் என்று புத்தகம் சொல்லும். என்எல்ஏ (டெஸ்க்டாப் திறக்கும் முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் அமைப்பு) ஆனில் இருந்தால் தோல்விகள் டைப் 3 (நெட்வொர்க் லாகின்) என்றே பதிவாகும். பலர் 10-ஐ மட்டும் தேடும் விதி எழுதி, ‘அலர்ட்டே வரவில்லை’ என்று குழம்புவது இங்கேதான். பத்து முயற்சியில் எல்லாம் நின்றுபோனால் அது புதிய விண்டோஸ் 11-ன் அக்கவுண்ட் லாக்அவுட். 8 ஜிபி லேப்டாப் என்றால் இதெல்லாம் திணறும். சுரிகாட்டா என்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருளில் பிகேப் (பதிவு செய்த டிராஃபிக்) கோப்புகளை ஓட்டி, அதே கோப்புகளை வயர்ஷார்க்கில் திறந்து பாக்கெட்களைப் பாருங்கள், போதும்.

செய்ததை இரண்டு பக்கத்தில் எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். ரெஸ்யூமேயில் ‘99.4% அக்யூரசி’ என்ற வரிக்குப் பதில், ‘தனி டெஸ்ட் கோப்பில் இத்தனையாகக் குறைந்தது, காரணம் இது’ என்று எழுதுங்கள்.

சிஇஎச் இப்போது அவசரமில்லை. எச்ஆர் வடிகட்டலிலும் சில டெண்டர்களிலும் அந்தப் பெயர் உதவும், உண்மைதான்; ஆனால் கைக்காசை அதில் போடும் முன் மேலே சொன்ன விஎம் லேப் இருக்கட்டும். ஒரு சான்றிதழ் வேண்டும் என்றால் செக்யூரிட்டி பிளஸ் நல்ல அடித்தளம்: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், தேர்ச்சிக்கு 900-க்கு 750. வெப் பென்டெஸ்டிங் (அனுமதியோடு தளங்களைத் தாக்கிச் சோதிப்பது) பக்கம் மனம் போனால் போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம். ஓஎஸ்சிபி என்ற பென்டெஸ்டிங் சான்றிதழ் அதற்கெல்லாம் பிறகு, 23 மணி 45 நிமிடச் செய்முறைத் தேர்வு அது. ‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று முன்பணமோ ஒரிஜினல் மார்க் ஷீட்டோ கேட்கும் பயிற்சி நிலையம் எதுவானாலும், இரண்டையும் கொடுக்காதீர்கள்.