பன்னிரண்டு மாதத்துக்கு மீண்டும் கையெழுத்துக் கேட்கிறார்கள். எங்களுக்கோ ஜூனுக்கு மேல் உறுதியில்லை

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஓவர்போர்ட் பகுதியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றில் குடியிருக்கிறோம். மாத வாடகை 9,500 ரேண்ட். பன்னிரண்டு மாத லீஸ் பிப்ரவரி கடைசியில் முடிகிறது. என் கணவரின் வேலை ஜூன் வரைதான் உறுதி. அதன்பிறகு ஜோகன்னஸ்பர்க் போக நேரலாம், ஊருக்குத் திரும்பலாம், இங்கேயே நீடிக்கவும் செய்யலாம். மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டுக்காரர் ரிசர்வோர் ஹில்ஸில் வசிக்கும் தமிழ்ப் பெரியவர். அங்கிள் என்றே அழைக்கிறோம், நல்ல மனிதர். ஆனால் அவருடைய ஏஜென்ட், 8 சதவீத ஏற்றத்துடன் மறுபடியும் பன்னிரண்டு மாதத்துக்குக் கையெழுத்திடுங்கள், இல்லையெனில் காலி செய்யுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஆறு மாதத்துக்குக் கேட்கலாமா? கேட்டால் அங்கிள் மனம் கோணுவாரா? பன்னிரண்டு மாதத்துக்கே கையெழுத்திட்டுவிட்டு நடுவில் கிளம்பினால் என்ன ஆகும்?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஆறு மாதம் என்று கேட்காதீர்கள். மார்ச்சில் தொடங்கும் ஆறு மாதம் ஆகஸ்ட் கடைசியில் முடியும். ஜூனில் கிளம்ப நேர்ந்தால் இரண்டு மாத வாடகை மிச்சம் நிற்கும். கிளம்பாமல் இருந்துவிட்டாலோ ஆகஸ்டில் இதே பேச்சைப் புதிதாகத் தொடங்க வேண்டும், வாடகை ஏற்றமும் கூடவே வரும். உங்கள் நிலைமைக்குத் தேவை குறுகிய ஒப்பந்தம் அன்று. உரிய காலத்தில் நோட்டீஸ் கொடுத்தால் நீங்கள் வெளியேறலாம், ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும் வரை வீட்டுக்காரர் உங்களை வெளியேறச் சொல்ல முடியாது என்ற ஏற்பாடுதான். பன்னிரண்டு மாத லீஸுக்கு உள்ளேயே இதை எழுதிக்கொள்ள முடியும்.

இப்படிச் சொன்னதும், கையெழுத்தே போடாமல் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. சட்டம் அதற்கும் இடம் தருகிறது. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, லீஸ் முடிந்த பின்னும் வீட்டுக்காரரின் வெளிப்படையான அல்லது மௌனமான சம்மதத்துடன் நீங்கள் குடியிருந்தால், புதிய எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், பழைய நிபந்தனைகளே தொடரும். முடித்துக்கொள்ள விரும்பும் தரப்பு குறைந்தது ஒரு மாத எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். கேட்பதற்கு இது வசதியாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு மாத நோட்டீஸை நீங்கள் தரலாம் என்பதைப் போலவே அவரும் தரலாம். ஏப்ரலில் நோட்டீஸ் வந்தால், பள்ளித் தவணையின் நடுவில், மகளின் பள்ளிக்குப் பக்கத்திலேயே வேறு வீடு தேட வேண்டியிருக்கும். வாடகையை ஏற்றுவதற்காகவே இப்படி நோட்டீஸ் கொடுப்பது நியாயமற்ற செயலாகக் கருதப்படலாம் என்பதையும், அதை வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்பதையும் 2012-இல் ஜோகன்னஸ்பர்க் கட்டடம் ஒன்றைப் பற்றிய மஃபாங்கோ வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பெரிய பாதுகாப்புதான். ஆயினும் முறையீடு, விசாரணை என்று அலைவதை விட முதலிலேயே உறுதியான ஒப்பந்தம் வைத்திருப்பது நல்லது. பள்ளிக்குப் போகும் குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு மாதாந்தர ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

நடுவில் கிளம்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அதன் 14-ஆவது பிரிவு பொருந்தும் லீஸில், எத்தனை மாதத்துக்குக் கையெழுத்திட்டிருந்தாலும், 20 வேலை நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வாடகைதாரர் வெளியேறலாம். அதுவரையுள்ள வாடகையைக் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் வீட்டுக்காரர் நியாயமான ஒரு தொகையை இழப்பீடாகக் கேட்கலாம். எஞ்சிய எட்டு மாத வாடகையையும் மொத்தமாகக் கட்டு என்று கேட்க முடியாது. நியாயமான தொகை எது என்பதைக் கணக்கிடும்போது, எவ்வளவு காலம் மீதமிருக்கிறது, எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்த இடைவெளியில் முயன்றால் வேறு ஆளைக் குடிவைத்திருக்க முடியுமா என்பவை எல்லாம் பார்க்கப்படும். லீஸ்களில் வழக்கமாக அச்சடிக்கப்படும் ‘இரண்டு மாத வாடகை அபராதம்’ என்ற வரி சட்டம் நிர்ணயித்த தொகை அன்று. அந்தந்த வீட்டுக்காரர் எழுதிக்கொண்டது.

இதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. லீஸ் முடிவதற்கு 80 வேலை நாளுக்கு முன்னதாகவும் அல்லாமல், 40 வேலை நாளுக்குப் பிந்தியும் அல்லாமல், வீட்டுக்காரர் தரப்பு உங்களுக்கு எழுத்தில் நினைவூட்டி, வரப்போகும் மாற்றங்களையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியில் முடியும் லீஸுக்கு, ஏறக்குறைய நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை என்று கணக்கு வரும். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 ஆகிய விடுமுறைகளை வேலை நாளில் சேர்க்கக் கூடாது. நீங்கள் முடித்துக்கொள்வதாகவும் சொல்லாமல், புதிய ஒப்பந்தத்துக்கும் சம்மதிக்காமல் இருந்தால், லீஸ் மாதாந்தரமாகத் தொடரும். எனவே ‘கையெழுத்திடு, இல்லையேல் காலி செய்’ என்ற மின்னஞ்சலைப் பார்த்து மார்ச் 1-ஆம் தேதி தெருவில் நிற்க நேரும் என்று பயப்பட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வீடு வாடகைக்கு விடுவதை வழக்கமான தொழிலாகச் செய்பவருக்கே நுகர்வோர் சட்டம் பொருந்தும். ஒரே ஒரு ஃபிளாட்டை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர், நான் வியாபாரி அல்ல என்று வாதிட இடமுண்டு. லீஸ் உங்கள் கணவரின் கம்பெனி பெயரில் இருந்து, ஃபிளாட்டும் ஒரு கம்பெனி அல்லது குடும்ப டிரஸ்டின் பெயரில் இருந்தால், 14-ஆவது பிரிவு அறவே பொருந்தாது. லீஸின் முதல் பக்கத்தில் இரு தரப்பும் எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்ற வாதத்துக்கே இடம் வைக்காமல், உங்களுக்கு வேண்டியதை லீஸிலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் சரியான வழி.

அதை வாங்க வேண்டுமானால் அங்கிளின் இடத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். வீடு காலியாக இருந்தாலும் கட்டடப் பராமரிப்புக்கான மாதக் கட்டணம் (லெவி), நகராட்சி வரி இரண்டையும் அவர் மாதம் தவறாமல் கட்டியாக வேண்டும். புதிதாக ஆள் பிடிக்க விளம்பரம், பெயின்ட், ஏஜென்ட் கமிஷன் என்று செலவு இருக்கிறது. பல இடங்களில் லீஸைப் புதுப்பிக்கும்போதும் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு என்பதால், பன்னிரண்டு மாதம் என்பதில் உறுதியாக நிற்பது வீட்டுக்காரரா ஏஜென்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பருவமும் முக்கியம். உங்கள் ஓவர்போர்ட் அமைந்திருக்கும் பெரியா சரிவிலும் அதைச் சுற்றியும் பல்கலைக்கழக ஆண்டு தொடங்கும் ஜனவரி, பிப்ரவரியில் வீடு தேடுவோர் அதிகம், ஜூலையில் அப்படியில்லை. ஆகவே நீங்கள் ஜூன் கடைசியில் கிளம்பினால் ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும் என்ற அவருடைய அச்சம் நியாயமானதே. அந்த அச்சத்துக்கு ஈடாக நீங்கள் எதைத் தர முடியும் என்று கேட்டுப் பேசினால், பேச்சு சண்டையாகாது.

நான் பரிந்துரைப்பது இதுதான். லீஸ் பன்னிரண்டு மாதமாகவே இருக்கட்டும். நான்கு மாதம் கழிந்த பின் எப்போது வேண்டுமானாலும், இரண்டு மாத எழுத்து நோட்டீஸுடன் நீங்கள் வெளியேறலாம் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டீஸை நான்கு மாதம் முடியும் முன்பே கொடுக்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து வீடு பார்க்க வருவோரை அனுமதிப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். புதியவர் குடிவரும் வரையுள்ள வாடகை இழப்பை ஏற்பதாகவும், ஆனால் அது எந்த நிலையிலும் ஒரு மாத வாடகைக்கு மேற்படாது என்றும் வரம்பு கட்டுங்கள். இரண்டு மாத அவகாசத்தில் ஓவர்போர்ட் போன்ற இடத்தில் ஆள் கிடைக்க நல்ல வாய்ப்பு இருப்பதால், நீங்கள் எதுவுமே கட்ட வேண்டியிராமல் போகலாம்.

வாடகை ஏற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்றத்துக்கு இத்தனை சதவீதம்தான் என்று சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. 8 சதவீதம் என்றால் மாதம் 760 ரேண்ட் கூடி 10,260 ஆகும். மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதத்துக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது 3,040 ரேண்ட். ஒரு மாத வாடகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. எனவே ஏற்றத்தையும் குறையுங்கள், நடுவில் போகவும் விடுங்கள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஏற்றத்தை முழுதாக ஏற்றுக்கொண்டு, வெளியேறும் உரிமையைக் கேளுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இந்தப் பேரத்துக்கு இணங்குவார்கள்.

அங்கிளிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வயதில் பெரியவரிடம் விஷயத்தை ஏஜென்ட் வழியாக மட்டும் சொல்லியனுப்புவதுதான் அவர் மனம் கோணக் காரணமாகும், கேட்பது அல்ல. கணவரின் வேலை நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். இதுவரை வாடகை தவறாமல் கட்டியதற்கான வங்கிப் பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் அவர், ‘அதற்கென்ன மகளே, போகிறபோது சொல்லிவிட்டுப் போ’ என்று அன்பாகச் சொல்வதோடு திரும்பிவிடாதீர்கள். எழுத்தில் இல்லாத எந்த மாற்றமும் செல்லாது என்ற வரி ஏறக்குறைய எல்லா லீஸிலும் இருக்கும். அவர் வார்த்தை தவறமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு உடல்நலம் குன்றினால் கணக்குப் பார்க்கப்போவது பிள்ளைகளும் ஏஜென்டும்தான். வீட்டை அவர் விற்றாலும் லீஸ் முடியும் வரை புதிய உரிமையாளரும் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதால், காகிதத்தில் உள்ளது மட்டுமே உங்களோடு வரும்.

வீடு திரும்பியதும் அன்றே அவருக்கும் ஏஜென்டுக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘இன்று நேரில் பேசியபடி, மார்ச் 1 முதல் மாதம் 10,260 ரேண்ட் வாடகையில் பன்னிரண்டு மாதத்துக்கு லீஸைப் புதுப்பிக்கச் சம்மதிக்கிறோம். ஜூன் 30 அன்றோ அதன்பின் எந்த மாதக் கடைசியிலோ, இரண்டு மாத எழுத்து நோட்டீஸுடன் நாங்கள் லீஸை முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடித்தால், மறு வாடகைக்கு விடும் வரை உண்டாகும் உண்மையான இழப்பை, ஒரு மாத வாடகைக்கு மிகாமல், ஏற்கிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி எங்களுக்குள்ள உரிமை எதையும் இது குறைக்காது. இந்த வாசகத்தை லீஸில் சேர்த்துக் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டுகிறோம்.’ கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, ஏற்கெனவே கொடுத்ததும் அதன் வட்டியும் புதிய லீஸுக்குத் தொடர்கின்றன என்று ஒரு வரி போதும். கிளம்பும்போது, லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். பாக்கி எதுவும் இல்லையெனில் ஏழு நாட்களுக்குள் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும்.

ஏஜென்ட் எதற்கும் இணங்காவிட்டால், அல்லது பூட்டை மாற்றுவேன், மின்சாரத்தைத் துண்டிப்பேன் என்று மிரட்டினால், குவாசுலு-நட்டால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விசாரணை நடக்கும் காலத்திலும் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உங்கள் பக்க நியாயம் பலவீனப்படும். நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்பது இந்நாட்டு அரசியல் சாசனத்தின் 26-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

இறுதியாகத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வாசகம் லீஸில் சேர்ந்துவிட்டால், ஜூன் 30 அன்று கிளம்ப, ஏப்ரல் 30-க்குள் நோட்டீஸ் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சேராமல் 14-ஆவது பிரிவை மட்டும் நம்ப நேர்ந்தால், 20 வேலை நாள் கணக்கில் ஜூன் 16 விடுமுறை சேராது என்பதால், மே மாதக் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள். எந்த நோட்டீஸையும் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல், லீஸில் முகவரியாகக் குறிக்கப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரிப் பதிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.