பார்க்கின்சன் நோய்க்கு மரபணுச் சோதனை மட்டும் போதாதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்குப் பார்க்கின்சன், மரபணுவைப் பார்த்தாலே போதாதா, மல்டி-ஓமிக்ஸ் எதற்கு என்று.

போதாது. ஜிபிஏ1 மரபணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பார்க்கின்சன் அபாயத்தைக் கூட்டும் ஒரு மாற்றத்தை 2023இல் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், புரதத்துக்கான குறியீட்டை அது தொடவே இல்லை. டிஎன்ஏவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏவைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: அதை வெட்டி ஒட்டும் வேலை அங்கே தடுமாறுகிறது, செல்லில் கொழுப்புக் கழிவை உடைக்கும் நொதி குறைந்துபோகிறது. டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என எல்லா அடுக்கையும் சேர்த்துப் பார்ப்பதுதான் மல்டி-ஓமிக்ஸ்.

சரி, மருந்து? தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏஎல்எஸ் என்ற வேறொரு நோய் உண்டு; எஸ்ஓடி1 மரபணுவின் பிழையால் வரும் ஏஎல்எஸ்ஸுக்கு, அந்த மரபணுவின் ஆர்என்ஏவைச் சிதைக்க வைக்கும் டோஃபெர்சென் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் பார்க்கின்சனுக்கு இன்றும் லெவோடோபா என்ற மருந்துதான் சிகிச்சையின் முதுகெலும்பு.

அப்புறம், அந்த ஜிபிஏ1 மாற்றம் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தெற்காசியர்களின் தரவு இத்தகைய ஆய்வுகளில் குறைவு.