தெளிந்த தண்ணீர் எல்லாம் குடிக்கத் தகுந்ததா? – வாசகர் கேள்வி பதில்

மழைக்காலத்தை ஒட்டி இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் தண்ணீரைப் பற்றியவையும் குப்பையைப் பற்றியவையும் மிகுதியாக இருக்கும். தனித்தனியே கேட்கப்பட்டாலும் பதில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போவதால், இம்முறை அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் சில வாரங்களுக்குள் பலருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. தண்ணீர்தான் காரணம் என்கிறார் மருத்துவர். ஆனால் குழாய்த் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை, டி.டி.எஸ். கருவியில் 200-க்குக் கீழேதான் காட்டுகிறது. அப்படியானால் நோய் எப்படி வந்தது? (வாசகி, தாம்பரம்)

பதில்: டி.டி.எஸ். கருவி, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைத்தான் கணக்கிட்டுக் காட்டும். தண்ணீர் உவர்க்குமா, குழாயில் உப்புப் படியுமா என்பதை அறிய அது உதவும். மலத்திலிருந்து வந்த கிருமி அதில் இருக்கிறதா என்பதை அறிய உதவாது. ஒரு குடம் நல்ல நீரில் நோய் உண்டாக்கப் போதுமான அளவு சாக்கடை கலந்தாலும் அந்த எண்ணில் மாற்றம் தெரியாமலே போகலாம். அந்த ஒரே எண்ணைக் காட்டி வீட்டுக்கு வீடு பயமுறுத்தியும், அதே எண்ணைக் காட்டித் தைரியம் சொல்லியும் கருவி விற்கும் பழக்கம் பெருகிவிட்டது வருத்தத்துக்குரியது.

காமாலையில் தண்ணீர் வழியே பரவுபவை ஹெபடைடிஸ் ஏ, ஈ என்னும் இரு வகைகள். பி, சி ஆகியவை ரத்தம் முதலிய வழிகளில் பரவுபவை. ஏ, ஈ வகைக் கிருமிகள் உடலுக்குள் சென்ற மறுநாளே நோயாக வெளிப்படுவதில்லை. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையும், ஈ வகையில் சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே இன்று கண் மஞ்சளாகி வந்திருப்பவர் குடித்த கெட்ட தண்ணீர், பெரும்பாலும் போன மாதமே குழாயில் வந்து போயிருக்கும். இன்றைய நீரைச் சோதித்துக் கிடைக்கும் நல்ல முடிவு அன்றைய நீருக்குச் சான்றாகாது. ஒன்றரை மாதத்துக்கு முன் உங்கள் தெருவில் கேபிளுக்காகவோ மழைநீர் வடிகாலுக்காகவோ பள்ளம் தோண்டினார்களா, அப்போது சில நாள் தண்ணீர் கலங்கி வந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சாக்கடை குடிநீர்க் குழாய்க்குள் நுழைவதற்குப் பெரிய உடைப்பு எதுவும் வேண்டியதில்லை. நம் ஊர்களில் தண்ணீர் ஒரு நாளில் சில மணி நேரம் மட்டுமே விடப்படுகிறது. தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், இணைப்பில் சிறு கசிவு இருந்தால்கூட நீர் வெளியே போகுமே தவிர வெளியே உள்ளது உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அப்போது குழாயைச் சுற்றித் தேங்கி நிற்கும் கழிவுநீர் அதே கசிவின் வழியே உள்ளே இறங்குகிறது. போதாக்குறைக்கு, தெருக் குழாயின் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சும் வழக்கம் வேறு இருக்கிறது. அந்த மோட்டார் ஓடும்போது நீரை இழுப்பதோடு, வழியில் கசிவு இருக்கும் இடத்திலெல்லாம் சுற்றியுள்ள கழிவையும் சேர்த்து இழுக்கிறது. குழாயில் முதலில் வரும் நான்கைந்து குடம் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சமைக்காமல், துணி துவைக்கவோ கழிப்பறைக்கோ விட்டுவிடுவது நல்லது என்று முந்தைய தலைமுறையினர் சொல்லி வந்ததற்கு இதில் நியாயம் இருக்கிறது.

இந்த நோயின் வரலாற்றில் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் நிகழ்ச்சி தில்லியில் 1955-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது. வெள்ளத்துக்குப் பின் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கட் சாக்கடையின் நீர் வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமி கொல்லும் மருந்தான குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. பாக்டீரியாக்களை மடியச் செய்த மருந்து, கலங்கல் நீரில் இருந்த வைரஸைத் தடுக்கப் போதவில்லை. அது ஈ வகை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவாயிற்று. கழிவு கலந்த பின் மருந்து போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று அதிகாரிகள் சொல்லும் போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இப்போது செய்ய வேண்டியவை: குடிக்கும் நீர், பல் துலக்கி வாய் கொப்பளிக்கும் நீர், சமைக்காமல் உண்ணும் காய்கனி கழுவும் நீர் எல்லாவற்றையும் குமிழி விட்டுக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமாவது வைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். தெருவில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். ஈ வகைக் காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவர் இறந்துபோகும் அளவுக்குக் கொடியதாகலாம். அவர்கள் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உள்ளாட்சிப் பணியாளரிடம் புகார் செய்யும்போது, உங்கள் வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சிறு சோதனைக் குழாயில் நீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் நிறம் தோன்ற வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்திய அளவுகோல். தெருக் குழாயின் தொடக்கத்தில் உள்ள வீடுகளில் மஞ்சள் வந்து, உங்கள் வீட்டில் மட்டும் நிறமே மாறவில்லை என்றால், இடையில் எங்கோ கழிவு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். தோண்டிப் பார்க்க வேண்டிய இடத்தை அது ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் கிணறு தாத்தா காலத்தது. பக்கத்து மனையில் புதிதாக வீடு கட்டி, எங்கள் மதிலை ஒட்டிச் செப்டிக் டேங்க் வைத்துவிட்டார்கள். கிணற்று நீரைத் தொடர்ந்து குடிக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பக்கத்து வீட்டாரோடு முகம் சுளிக்காமல் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்: தொட்டிக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்களா? செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வனவற்றில் பல, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்ட குழிகள்தாம். பத்து வருடமாக லாரியே கூப்பிடவில்லை, தொட்டி நிரம்பவே இல்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. நிரம்பாத தொட்டியின் கழிவு நிலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். முறையான தொட்டியிலும் கெட்டியான கசடு மட்டுமே தங்கும். மேலே வழியும் நீரில் கிருமிகள் நிறைந்திருக்கும், அது உறிஞ்சுகுழி வழியே மண்ணுக்குத்தான் போகிறது.

அதனால்தான் குடிநீர்க் கிணற்றுக்கும் இத்தகைய குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். மணற்பாங்கான நிலத்திலும், நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் ஆற்றோரப் பகுதியிலும் அந்தத் தூரமும் போதாமல் போகலாம். காவிரிக் கரை ஊர்களில் ஆற்றில் தண்ணீர் வந்தால் கிணற்றில் மட்டம் ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்போது குழியின் அடியும் நிலத்தடி நீரும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

நீரைப் பரிசோதிக்காமல் குடிக்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இதற்கு வசதி உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கொதிநீராவியில் சுத்தம் செய்த புட்டியில்தான் நீர் எடுக்க வேண்டும்; வீட்டில் கிடக்கும் குளிர்பானப் புட்டியில் கொண்டுபோனால் புட்டியில் இருந்த கிருமிக்கு முடிவு வாங்கிக்கொண்டு வருவீர்கள். நூறு மில்லி நீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் இ.கோலி என்னும் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. கழிவிலிருந்து நீரில் இறங்கும் நைட்ரேட் என்னும் உப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, நீர் ஆவியாகப் போவதால் இன்னும் செறிவாகும். குழந்தை இருக்கும் வீட்டில் இதை மறக்கக் கூடாது.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் அளவையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக் கணக்கில் கொட்டுபவர்களே அதிகம். நல்ல பவுடராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் போதும். பவுடரை வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும் வரை பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, வாளியை மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகே நீர் எடுக்கலாம். வாய் திறந்து வைத்த பழைய மூட்டையில் உள்ள பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். இது கிருமிக்கு மட்டுமான தற்காலிக ஏற்பாடு. குழியை இடம் மாற்றாத வரை கழிவு வந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. கருவி இருக்கிறது. அதற்குப் பிறகும் கொதிக்க வைக்க வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: சவ்வும் வடிகட்டியும் உரிய காலத்தில் மாற்றப்பட்டு, நீரை அன்றன்றே குடித்துவிட்டால் வேண்டியதில்லை. ஆனால் ஆர்.ஓ. நீரில் குளோரின் இருக்காது. அதைப் பிடித்துவைத்த குடத்தில் ஒருவர் கைபட்ட டம்ளரை முக்கினாலே போதும், கிருமி தடையின்றிப் பெருகும். நீண்ட கைப்பிடி அகப்பையோ குழாய் வைத்த பாத்திரமோ பயன்படுத்துங்கள். இருபது லிட்டர் கேன் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். கேனைக் கவிழ்த்து வைக்கும் தாங்கியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்பது பல வீடுகளில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

கேள்வி: வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: போதாது. உங்கள் பாலாற்றங்கரையின் கதை வேறு. தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வருவது உப்பும் குரோமியம் என்னும் உலோகமும்; இவற்றைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நாடு முழுவதற்கும் வழிகாட்டிய தீர்ப்புதான். ஆனால் தீர்ப்பு வந்ததால் மண்ணில் ஊறியது வெளியேறிவிடவில்லை. குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் கிணற்றை அதற்கெனத் தனியே சோதித்துப் பார்க்கும் வரை, குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: குப்பை வண்டி வாரம் ஒருமுறைதான் வருகிறது. வேறு வழியில்லாமல் கொல்லையில் எரித்துவிடுகிறோம். புகை போய்விடுகிறது, சாம்பல் செடிக்கு உரமாகிறது. இதில் என்ன தவறு? (வாசகர், பல்லடம்)

பதில்: சருகை எரித்த சாம்பல் செடிக்கு உரம். பால் பாக்கெட், பி.வி.சி. குழாய்த் துண்டு, பழைய ஒயர், பேட்டரி எல்லாம் சேர்ந்து எரிந்த சாம்பல் உரம் அன்று. குளோரின் கலந்த பிளாஸ்டிக் தாழ்ந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டயாக்சின் என்னும் நச்சு உருவாகிறது. அது மண்ணிலும், அந்த மண்ணைக் கிளறும் கோழியின் முட்டையிலும், மேயும் மாட்டின் பாலிலும் தங்குகிறது. பேட்டரியின் ஈயம் சாம்பலோடு மழையில் கரைந்து நிலத்துக்குள் இறங்குகிறது. திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்தன.

வண்டி வாரம் ஒருமுறை வருவது உங்கள் குற்றமன்று. ஆயினும் காத்திருக்க முடியாதது ஈரக் குப்பை மட்டுந்தான். சோறு, காய்த்தோல், வாழையிலை ஆகியவற்றைக் கொல்லையில் ஒரு குழியில் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே ஒரு சட்டி மண்ணோ சருகோ தூவிவிட்டால் நாற்றமும் ஈயும் எலியும் வராது. கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கும் காகிதமும் ஒரு சாக்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. இரண்டும் கலந்து கிடந்தால்தான் அழுகிச் சாறு வடிகிறது. அந்தக் கறுப்புச் சாற்றின் பெரிய வடிவத்தைத்தான் சென்னையில் கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாக மண் குடித்து வந்திருக்கிறது.

கேள்வி: சாக்கடையைத் தூர்வாரிய பிறகும் டெங்கு வருகிறதே? (வாசகி, கடலூர்)

பதில்: டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்காய்ச் சிரட்டை, டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் தேங்கும் நல்ல நீரையே அது தேடும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும் என்பதால், வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். மொட்டைமாடியையும் பாருங்கள்.

கேள்வி: கெட்ட தண்ணீரால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மருத்துவமனை போகும் வரை என்ன கொடுப்பது? (வாசகி, தருமபுரி)

பதில்: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு நீரில் முழுவதும் ஒரே தடவையில் கலக்குங்கள்; கால் பொட்டலத்தைக் கால் டம்ளரில் கண்ணளவில் போடுவது ஆபத்து, உப்பு மிகுந்துவிடும். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் சேருங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கஞ்சியும் இட்லியும் கொடுக்கலாம். வயிற்றைக் காயப்போடுவது பழைய தவறு. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் பீப்பாய்களில் கலந்து வைத்துக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது இத்தகைய உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொண்டுதான். கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை குடிக்கவே மறுத்துத் துவண்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்; வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.