ஆச்சரியப்படாத முகம்

அன்புள்ள ஐயா,

ஆறு எபிசோடில் ஓர் அறிவியல் புனைவுத் தொடர் எழுதியிருக்கிறேன். நாயகன் விண்கலத்தில் காற்று வடிகட்டிகளைப் பழுதுபார்ப்பவன். தயாரிப்பாளர் அவனைப் பெண்ணாக மாற்றச் சொல்கிறார். பாத்திரம் உடைந்துவிடாதா? கலத்தின் வரலாறே நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். கடைசியில் ‘நான் பழைய ஆள் இல்லை’ என்று நீண்ட வசனமும் உண்டு. ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ ஒன்று வருகிறது, அதற்கு இயந்திரக் குரல் வைக்கலாமா? நடிகர் தேர்வு அடுத்த மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

உடையாது. 1979இல் வந்த ‘ஏலியன்’ திரைக்கதையில் எந்த வேடத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று குறிப்பே இருந்தது. நாயகி ரிப்ளியாக சிகோர்னி வீவர் வந்தது அப்படித்தான். நாற்பது பக்கத்தைப் பூட்டி வையுங்கள்.

தேர்வுக்கு எந்தக் காட்சியைக் கொடுக்கப்போகிறீர்கள்? கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவது இதுதான். ஜன்னலில் புதுக் கிரகத்தைக் கண்டு பிரமிக்கும் காட்சியைத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள். இந்த வகைக் கதைகள் கெடுவதும் அங்கேதான். பிரமிப்பு பார்ப்பவருக்கு உரியது. பத்து வருடம் கலத்தில் கிடப்பவளுக்கு அது வெறும் ஜன்னல். வாய் பிளப்பவரைத் தேர்ந்தெடுத்தால் ஆறு எபிசோடும் அவர் அங்கே விருந்தாளிதான்.

வடிகட்டி மாற்றும் காட்சியைக் கொடுங்கள். ஒன்றரைப் பக்கம் போதும். ஒரு டப்பா, நாலு திருகாணி, ஒரு ஸ்க்ரூடிரைவர். பேச்சு தங்கையோடு சண்டையாக இருக்கட்டும். வசனம் வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறதா? அவர் வேண்டாம். பார்க்காமலே விரலால் துழாவித் திருகாணியை எடுக்கிறாரா? அவரை விட்டுவிடாதீர்கள்.

அதே வேலையை மூன்று எபிசோடில் எழுதுங்கள். முதலாவதில் பழகிய கை. மூன்றாவதில், அவள் தவறால் ஒருவர் மூச்சுத்திணறிச் செத்தபின், ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தடவை இறுக்குகிறாள். ஆறாவதில் ஒரு சின்னப்பெண் திருகுகிறாள். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மாற்றம் அவ்வளவுதான். அந்த நீண்ட வசனத்தை இன்றைக்கே வெட்டுங்கள். வடிகட்டி மாற்றுபவளைக் கதையின் நடுவில் நிறுத்திய உங்கள் மனசு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவளை மேடைப் பேச்சாளி ஆக்கினால் கோபம் வராதா?

தேர்வில் மூன்றையும் ஆறு, ஒன்று, மூன்று என்று கலைத்துக் கொடுங்கள். படப்பிடிப்பு செட் வாரியாகத்தான் நடக்கும். காலையில் முடிவு, மதியம் ஆரம்பம். மூன்று கைகளையும் ஒரே கையாகச் செய்பவர் யாரென்று இப்போதே தெரியவேண்டும். எடிட்டிங்கில் தெரிந்தால் செட்டைப் பிரித்திருப்பார்கள்.

ஆண்ட்ராய்டின் குரலைத் தொடாதீர்கள். மனிதரிடமிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். 1991இன் ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் மனித உருவ இயந்திரமாக நடிக்க ராபர்ட் பேட்ரிக் இமைக்காமல் சுடப் பழகினார். உங்கள் ஆண்ட்ராய்டுக்கு வருபவரையும் அதே டப்பாவோடு உட்காரவையுங்கள். நடுவில் ஒரு திருகாணியைக் கீழே தட்டிவிடுங்கள். சத்தம் கேட்டும் கண் அந்தப் பக்கம் போகாதவர் யாரென்று பாருங்கள்.