மொரீஷியஸில் சர்ஃபிங்: வீட்டில் ஒருவர் தேர்ந்தவர், மற்றவர்கள் புதியவர்கள். எப்போது, எங்கே போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பருக்குள் வாருங்கள். தெற்குப் பெருங்கடலின் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலைகள் அப்போதுதான் இங்கே ஒழுங்காக வந்து சேரும். தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்க் காவடியைப் பார்க்க வருவதென்றால் தாராளமாக வரலாம், ஆனால் அது சூறாவளிக் காலம், அலையை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

தீவைச் சுற்றிப் பெரும்பகுதி பவளத்திட்டு இருப்பதால் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும், அலை உடைவதெல்லாம் வெளித்திட்டில். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடம் என்றால் என் ஓட்டு மேற்குக் கரையில் இருக்கும் தமரினுக்குத்தான்: ஆறு கடலில் கலக்கும் இடத்தில் திட்டு விட்டுப்போயிருப்பதால் அலை விரிகுடாவுக்குள்ளேயே வருகிறது, புதியவர்கள் மணல் பக்கம் சின்ன அலையில் பழகலாம், தேர்ந்தவர் பவளத்தின் மேல் உடையும் இடதுபக்க அலைக்கு (ஏறி வருபவருக்கு இடப்பக்கமாக உடைந்து போவது) போகலாம். தென்மேற்கு முனையில் லெ மோர்னின் 'ஒன் ஐ' என்ற அலையிடம் நன்கு தேர்ந்தவர்களுக்கு மட்டும், நீரோட்டம் ஆளையே இழுத்துப் போய்விடும். தெற்குக் கரையின் கிரி கிரியில் திட்டு இல்லை, அலை நேரே கரையில் மோதும், அங்கே இறங்கவே வேண்டாம்.

அப்புறம், கடல் முள்ளெலி காலில் குத்தினால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும், பாதத்தை மூடும் ரப்பர் காலணி கட்டாயம்.

பக்கத்து ரெயூனியன் தீவையும் சேர்க்கிறீர்களா? சுறாத் தாக்குதல்களால் 2013-லேயே அங்கே கட்டுப்பாடு வந்துவிட்டது, அனுமதித்த பகுதி எது என்று கேட்காமல் பலகையை எடுக்காதீர்கள்.