குடும்ப வன்முறைப் புகாரில் காவல்துறையின் கடமையும் அதிகாரமும்

கணவரின் வன்முறை பற்றிப் புகார் அளிக்கும் பெண்ணிடம், "இது குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று காவல் நிலையம் சொல்லலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். இந்தியச் சட்டப்படி அவ்வாறு தட்டிக்கழிக்க இடமில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, பாதுகாப்பு ஆணை (வன்முறையைத் தடைசெய்யும் நீதிமன்ற உத்தரவு) கோரும் உரிமை, இதற்கென அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரின் உதவி, இலவசச் சட்ட உதவி, தனியே குற்றவியல் புகார் அளிக்கும் உரிமை ஆகியவற்றை அவரிடம் எடுத்துச் சொல்வது காவல் அலுவலரின் கடமையாகும்.

கைது மட்டுமே தீர்வு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைதுக்கான தேவையைக் காவல்துறை காரணத்துடன் பதிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வலியுறுத்தியது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய கணவர் வீட்டுக் கொடுமை வழக்குக்கும் அது பொருந்தும்.

உடனடிப் பாதுகாப்புக்கு நீதித்துறை நடுவரின் ஆணையே வலிமையான வழி என்பது என் உறுதியான கருத்து. எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே அவர் இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும், பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தங்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. (வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவோம் என்ற அச்சத்தால்தான் பல பெண்கள் வாய் திறப்பதே இல்லை.) பாதுகாப்பு ஆணையை மீறுவது பிடியாணை இன்றியே காவல்துறை கைதுசெய்யக்கூடிய குற்றம், அதில் பிணை உரிமையாகக் கிடைக்காது, ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உயிருக்கு ஆபத்தெனில் 112 எண்ணையும், ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் 181 எண்ணையும் தயங்காமல் அழையுங்கள்.